உன்ற வாய்தான் பிரேக்கு

காரமடை ரூபன் பிறந்ததிலிருந்து எந்த உயிரையும் "போ" என்று சொன்னதில்லை. "போங்க" என்றுதான் சொல்வான். கூரையில் வந்து உட்காரும் காக்கையைக்கூட "அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவான். காக்கை போகாது. இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறவனுக்குப் பயந்து எழுந்து போக வேண்டுமா என்று அது யோசித்துக்கொண்டிருக்கும்.

கொங்கு நாட்டில் 'ங்க' போடாமல் யாரும் பேசுவதில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் ரூபனுடையது அளவுக்கு மீறிய 'ங்க'. காரணம் அவன் அம்மா சின்னத்தாயி. "ங்க போடாத பேச்சு, சட்டை போடாத ஒடம்பு மாதிரி கண்ணு" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் களை பறித்தவள் அவள். பேச்சில் ஒரு 'ங்க' குறைந்தால் மறுநாள் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். அது அந்தக் காலத்தின் அசிங்கம், வேறு பெயர் சொல்லி அதை மூடி வைக்க வேண்டியதில்லை. மகன் தலையெடுத்தபோது அந்தத் தேவை போய்விட்டது, பழக்கம் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

ஓட்டலில் பரிமாறும் வேலைக்குப் போயிருந்தால் ரூபன் கொடிகட்டிப் பறந்திருப்பான். ஜவுளிக்கடைக்குப் போயிருந்தால் முதலாளி அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பார். விதி அவனை லாரி கிளீனராக்கி, பிறகு டிரைவராக்கி, தொண்ணூற்று நாலாம் வருஷம் கோயமுத்தூர் காந்திபுரத்தில் பங்காரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாராக உட்கார வைத்தது.

அந்த வேலை அவனுக்கு உயிர். லாரிக்கு அடியில் படுத்து முகத்தில் ஆயில் சொட்டக் கிடந்தவன், இப்போது தேய்த்த வெள்ளைச் சட்டையோடு காரின் முன்சீட்டில் உட்காருகிறான். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவனை "மாஸ்டர்" என்று கூப்பிடுகிறார்கள். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது ரூபன் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான்.

ஸ்கூலில் ஒரே ஒரு பழைய பியட் கார். அதில் வாத்தியார் பக்கத்துக்கும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் தடுமாறினால் வாத்தியார் மிதித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெடல் எப்போதோ அறுந்து போய், மிதித்தால் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். முதலாளி பங்காருவிடம் ரூபன் அதைப் பற்றிச் சொன்னபோது அவர் கணக்காகச் சிரித்தார்.

"அதுக்கெதுக்குடா செலவு? நிறுத்துன்னு சொன்னா நிறுத்தப் போறாங்க. உன்ற வாய்தான்டா பிரேக்கு."

அங்கேதான் சிக்கல். அந்த வாய் பிரேக் பிடிக்க நெடுநேரம் ஆகும்.

பஞ்சு வியாபாரி ஒருவர் கற்றுக்கொள்ள வந்தார். எதிரே ஒரு எருமை ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. ரூபன் அதைப் பார்த்துவிட்டான், நேரத்தோடுதான் பார்த்தான். "ஏனுங்கண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க, முன்னால ஒரு எருமை வருதுங்க, சித்த காலை எடுத்து அந்தப் பக்கத்துப் பெடல்ல வெச்சீங்கன்னா நல்லா இருக்குமுங்க" என்று அவன் சொல்லி முடித்தபோது கார் டீக்கடை பெஞ்சுக்குள் இருந்தது. எருமை பிழைத்தது, ஏனென்றால் அது ரூபன் பேச ஆரம்பித்த உடனேயே ஓடிவிட்டது. அடுத்து ஒரு பேங்க் கிளார்க், ஒரு தபால் பெட்டி. அதற்கு அடுத்து ஒரு கல்லூரிப் பையன், ஒரு கோழிக்கூண்டு.

பங்காரு பொறுமைசாலிதான். ஆனாலும் கோழிக்கூண்டுக்குப் பிறகு அவர் வாசலில் நின்றுகொண்டே சொன்னார்: "ரூபா, நீ நல்லவன். ஆனா இன்னொருக்கா பம்பர் நசுங்குச்சுன்னா நீ உன்ற லாரிக்கே போயிக்க. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

"சரிங்க" என்றான் ரூபன். மறுபடி லாரியின் அடியில் போய்ப் படுப்பதை நினைத்தால் அவனுக்கு அழுகை வந்தது.

அன்றைக்கு வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தான். "நிறுத்து" என்று ஒரு சொல், அவ்வளவுதான். வாயைத் திறந்தால் "நிறுத்தினீங்கன்னா தேவலைங்க" என்று வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கடைசியில் ஒரு தடவை "நிறுத்து!" என்று கத்திவிட்டான். அந்த நேரம் பார்த்து அவன் மனைவி மெர்சி, அரிசி வாங்கி வரச் சொன்னதை அவன் மறந்துவிட்டதைப் பற்றிச் சமையல்கட்டிலிருந்து பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றது. கரண்டியோடு வெளியே வந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லீங்க" என்றான் ரூபன். அதோடு பயிற்சி முடிந்தது.

இந்த நிலையில்தான் வெங்கடம்மாள் வந்து சேர்ந்தாள்.

வெங்கடம்மாளின் புருஷன் வரதராஜுலு கணபதியில் மோட்டார் பம்பு செய்யும் பட்டறை வைத்திருந்தார். பெரிய வீடு, வாசலில் அம்பாசிடர். ஆனால் டிரைவர் எப்போதும் பட்டறைக்குத்தான். வெங்கடம்மாளின் தங்கை ராமாமணி மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வழுக்கி விழுந்து, கால் முறிந்து, மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். போய்ப் பார்க்க வேண்டும் என்று வெங்கடம்மாள் தினமும் சொன்னாள். "ஆகட்டும், பாக்கலாம்" என்பார் வரதராஜுலு. பஸ்ஸில் போகிறேன் என்றால் கௌரவம் குறைந்துவிடுமாம். டிரைவரை அனுப்புங்கள் என்றால் லோடு இருக்கிறதாம். மாவுக்கட்டுப் பிரிக்கிற நாளே வந்துவிடும்போல் இருந்தது. கடைசியில் அவள், "அப்ப நானே கார் ஓட்டப் பழகிக்கறேன்" என்றாள். அதற்கும் அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ஆகட்டும்" என்றார்.

நம் பக்கத்தில் 'ஆகட்டும்' என்றால் முடியாது என்பதை நாசூக்காகச் சொல்வது. குழந்தைக்குக்கூடத் தெரியும். வெங்கடம்மாளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் அன்றைக்கு அதைச் சொல்லில் இருக்கிற அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டு, புடவை மாற்றிக்கொண்டு நேராகப் பங்காரு ஸ்கூலுக்கு வந்துவிட்டாள்.

வயது ஐம்பது தாண்டியிருந்தது. ஸ்கூலுக்கு வந்த முதல் பெண் அவள்தான். பங்காருவே பதறிப் போனார். "பெரிய எடத்து அம்மா. ஒரு கீறல் விழுந்தாலும் நம்ம கதை முடிஞ்சுதுடா" என்று ரூபனின் காதில் சொன்னார்.

புதிதாக வீட்டுச் சைட்டு பிரித்து எல்லைக் கல் நட்டிருந்த ஒரு காலி இடத்துக்குப் போனார்கள். வெங்கடம்மாள் ஸ்டியரிங்கை, மோர் கடைகிற மத்தைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்தாள். பயம் என்பது அவளிடம் துளியும் இல்லை. பயப்படுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம் என்பதை ரூபன் அன்றுதான் தெரிந்துகொண்டான். கார் குதித்துக்கொண்டு கிளம்பியது.

"ஏனுங்கம்மா, நல்லா ஓட்டறீங்க, அதுல ஒரு கொறையும் இல்லீங்க, ஆனா அந்த முன்னால இருக்கற கல்லு…"

டப். சைட்டுக் கல் சாய்ந்தது. நல்லவேளை, ஆழமாகப் புதைக்காமல் சும்மா நட்டு வைத்திருந்த கல். பம்பருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"…அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்தியிருந்தோம்னா…"

டப். அடுத்த கல்.

வெங்கடம்மாள் தானாகவே எதையோ மிதித்து, கார் இருமிக்கொண்டு நின்றது. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "ரூபா, நீ கல்லப் பத்திச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு பேரோட சைட்டு ஒண்ணாயிப்போச்சு. சுருக்கமா 'நில்லு'ன்னு சொல்லு சாமி."

"வாய் வரமாட்டீங்குதுங்க அம்மா."

"சரி, 'நில்லுங்க'ன்னாவது சொல்லு."

"அது அதிகாரம் பண்றாப்பல இருக்குதுங்க. முன்னால 'ஏனுங்கம்மா'ன்னு ஒண்ணு, பின்னால ஒரு காரணம் சொன்னாத்தானுங்க எனக்கு மனசு கேக்கும்."

வெங்கடம்மாள் யோசித்தாள். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். "எங்க ஊட்டுல நில்லுங்கறதுக்கு 'ஆகு'ன்னு சொல்லுவோம். ஆகு. அது உன்ற பாஷை இல்லியே, உனக்குக் கூச்சம் வராது. அதச் சொல்லு."

"அதுல மரியாதை இருக்குதுங்களா?"

"நெம்ப இருக்குது" என்றாள் வெங்கடம்மாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அது சுத்தப் பொய். மரியாதையோடு சொல்வதற்குத் தெலுங்கில் வேறு சொல் உண்டு. 'ஆகு' என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் வண்டிமாட்டுக்கும் சொல்வது. ரூபனுக்கு அதெல்லாம் தெரியாதே. வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்த கல் நெருங்கியபோது "ஆகு!" என்றான். கார் சட்டென்று நின்றது. ரூபனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தன் வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் சொன்னது சொன்ன நேரத்தில் நடந்திருந்தது.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை, ரூபனைத்தான். ஆடு வந்தால் ஆகு, சைக்கிள் வந்தால் ஆகு, வெறும் நிழல் விழுந்தாலும் ஆகு. ஒரு நாள் ஸ்கூல் வாசலில் கார் திரும்பும்போது அவன் "ஆகு! ஆகு!" என்று அதட்டியதைப் பங்காரு கேட்டார். பங்காருவும் தெலுங்குக்காரர். கையிலிருந்த டீ டம்ளர் சாய்ந்தது. கணபதி வரதராஜுலு சம்சாரத்தை ஒருவன் மாட்டை அதட்டுவதுபோல் அதட்டுகிறான், அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே பிரேக் போடுகிறாள். பங்காரு பம்பரைக் குனிந்து பார்த்தார். புதுசு போல் இருந்தது. அர்த்தத்தைச் சொல்லிக் காரியத்தைக் கெடுப்பானேன் என்று உள்ளே போய்விட்டார்.

வெங்கடம்மாளின் கால் நாளாவட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பழகிப்போனது. காதில் விழுந்ததும் கால் தானாக பிரேக்கில் போய் உட்காரும், மூளையைக் கேட்காது. ரூபனுக்கு அதில் பெருமைதான். அதில் இருந்த ஆபத்து டெஸ்ட் அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் லைசன்ஸ் டெஸ்ட் வைத்த பிரேக் இன்ஸ்பெக்டர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். தங்கமான மனுஷர். முன்னால் அவர் உட்கார்ந்தார், மடியில் பைல். பின்சீட்டில் ரூபன். மறுநாள் மேட்டுப்பாளையத்தில் ராமாமணிக்கு மாவுக்கட்டுப் பிரிக்கிறார்கள். இன்றைக்குப் பாஸாகாவிட்டால் மறுபடி ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பங்காருவும் காலையில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார்: அந்த அம்மா பெயிலானால் ஊர் பூராவும் சிரிக்கும், அப்புறம் ரூபன் லாரிக்குப் போக வேண்டியதுதான்.

"எடுங்கம்மா. பதட்டப்படாதீங்க, ஆகும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

கிளம்பிய கார் அங்கேயே நின்றது.

ரூபன் முன்னால் எட்டிப் பார்த்தான். என்ன ஆயிற்று? வெங்கடம்மாளுக்கும் புரியவில்லை. மறுபடி எடுத்தாள். கையை வெளியே நீட்டிச் சிக்னல் காட்டி, வலது பக்கம் அழகாகத் திருப்பினாள்.

"ஆகும்" என்று பாராட்டினார் இன்ஸ்பெக்டர்.

கார் குலுங்கி நின்றது. அவர் மூக்குக்கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"பரவால்லீங்கம்மா. மொதல்ல எல்லாருக்கும் இப்பிடித்தான். ஆகும், ஆகும்."

இரண்டு குலுக்கல். பைல் காலடியில் விழுந்தது. ரூபனுக்கு இப்போது விளங்கிவிட்டது. அந்த நல்ல மனுஷருக்கு வாயைத் திறந்தால் 'ஆகும்'தான். சரி என்றாலும் ஆகும், பரவாயில்லை என்றாலும் ஆகும், தைரியம் சொன்னாலும் ஆகும். அவர் எவ்வளவுக்கெவ்வளவு இரக்கப்பட்டாரோ அவ்வளவுக்கவ்வளவு கார் நின்றது.

"ஏனுங்க சார்," என்று ரூபன் பின்னாலிருந்து ஆரம்பித்தான், "ஒரு சின்ன விஷயமுங்க, தப்பா எடுத்துக்காதீங்க, அம்மாவுக்கு ஊட்டுல தெலுங்குங்க, அதுல பாத்தீங்கன்னா…"

"நீ சும்மா இரு தம்பி. ஏம்மா, இத்தனை பயந்தா ஆகுமா?"

தடால். இன்ஸ்பெக்டரின் நெற்றி முன்கண்ணாடியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அவர் நெற்றியைத் தடவினார். இரக்கம் தீர்ந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. பேனாவின் மூடியைக் கழற்றினார். வெங்கடம்மாளின் கண் கலங்கியிருந்தது. கல்லையெல்லாம் சாய்த்தபோது சிரித்துக்கொண்டிருந்த பெண்மணி, இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் ரூபனுக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

"சார், வாய மூடுங்க!"

மைதானத்தில் லைசன்ஸுக்கு வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அந்தப் பதற்றத்திலும் 'ங்க' போட்டிருந்தான் என்பது உண்மைதான், ஆனால் அது யாருக்கும் ஆறுதலாக இல்லை. அரசாங்க அதிகாரியை அவர் வேலை செய்யும் இடத்திலேயே, பின்சீட்டிலிருந்துகொண்டு வாயை மூடச் சொன்ன ஆள் அதற்கு முன்பு இருந்ததாகத் தெரியவில்லை. போலீஸ் வரும், வேலை போகும், மெர்சி கரண்டியோடு வருவாள் என்று ரூபனுக்கு வரிசையாகத் தோன்றியது.

இன்ஸ்பெக்டர் வாயை மூடிக்கொண்டார். கோபத்தால் அல்ல, அதிர்ச்சியால். திறக்க அவருக்கு நினைவு வரவில்லை.

கிடைத்த அமைதியை வெங்கடம்மாள் வீணாக்கவில்லை. கியரைப் போட்டாள். மைதானத்தில் எட்டுப் போட்டாள், கோலத்தில் கம்பி இழுக்கிற மாதிரி. ரிவர்ஸ் எடுத்தாள். மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுத்தாள். கைச் சிக்னல் ஒன்றுவிடாமல் காட்டினாள். கொண்டுவந்து கிளம்பிய இடத்திலேயே நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் மெல்லப் பின்னால் திரும்பி ரூபனைப் பார்த்தார். "இப்பப் பேசலாமுங்களா?" என்று கேட்டார்.

ரூபன் கண்ணீரும் கும்பிடுமாக விஷயத்தை முழுசாகச் சொன்னான், 'ஏனுங்க சார்' முதல் கடைசிக் காரணம் வரைக்கும். நடுவில் எங்கேயோ இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெற்றி வீக்கத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். "ஓட்டறதுல ஒரு கொறையும் இல்ல. பாஸ். ஆனா என்ற பொண்டாட்டிகூட என்னைய இப்பிடிச் சொன்னதில்லப்பா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனார். ரூபனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ரூபா, நீ எறங்கிப் போயி அந்த லைசன்ஸ் சீட்ட வாங்கியா கண்ணு" என்றாள் வெங்கடம்மாள்.

ரூபன் இறங்கினான். ஆபீஸ் ஜன்னலில் சீட்டை வாங்கினான். திரும்பி வந்து கொடுத்தான். அவள் அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கார் கதவைத் திறக்காமல், ஜன்னல் வழியாகவே சொன்னாள்: "நான் ராமாமணியப் பாத்துப்போட்டு வாரேன்."

"இப்பவேங்களா? ஏனுங்கம்மா, இது ஸ்கூல் காருங்க, பங்காரு அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை…"

அவன் சொல்லி முடிப்பதற்குள் பியட் கிளம்பிவிட்டது. எல் போர்டு ஆட ஆட ஆபீஸ் கேட்டை நோக்கிப் போனது. கேட்டுக்கு வெளியே ரோட்டில் ஒரு பால்காரர், சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன் தொங்க, எதையும் பார்க்காமல் குறுக்கே வந்துகொண்டிருந்தார். ரூபன் ஓடினான். அடிவயிற்றிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தான், வாயையும் திறந்துவிட்டான்.

அதற்குள் காரின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது.

கார் அமைதியாக நின்றது. பால்காரர் கடந்தார். வெங்கடம்மாள் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், கையை நீட்டிச் சிக்னல் காட்டினாள், மேட்டுப்பாளையம் ரோட்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டாள். ரூபன் திறந்த வாயோடு நின்றான். சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். பால்காரர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்குப் போய் ஸ்கூலுக்குப் போன் போட்டான்.

"அம்மா பாஸுங்க."

"அப்பிடிப் போடு! எங்கடா காரு?"

"மேட்டுப்பாளையம் போயிருக்குதுங்க."

"யாரு ஓட்டறா?"

"அம்மாதானுங்க."

போனின் அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அட மடையா, நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே!"

"சொல்லத்தானுங்க வாயத் தொறந்தேன்" என்றான் ரூபன். "ஆனா அதுக்குள்ள அவிங்களே நிறுத்திப்போட்டாங்க. இனி நான் சொல்ல வேண்டியதில்லீங்க."

பங்காரு அங்கே யாரிடமோ "வந்துருவான், உக்காருங்க" என்று சொல்வது போனில் கேட்டது.

"அப்ப உனக்கு அங்க என்னடா வேலை?" என்றார் பிறகு. "பஸ்ஸேறி வா. அந்த அம்மா கணபதி பூராவும் உன்னையப் பத்திப் பெருமை பேசியிருக்காங்க போல. இங்க நாலு பொம்பளைங்க வந்து மாஸ்டர் எங்க, மாஸ்டர் எங்கன்னு உக்காந்திருக்காங்க."